முழங்கால் இரண்டுதான்

இந்த வருடம் ஏப்ரல் முழுவதும் எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான். அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் இன்னும் முப்பது வருடம் தாங்குமா, தாங்காதா?

இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர்கள் அணிகளின் முதலாளிகள். டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில் கணினி வேலை பார்க்கும் என் கணவரும், வீட்டிலிருந்தபடியே ஒரு மருந்து நிறுவனத்துக்கு அறிக்கை படிக்கும் நானும் ரசம் ஆறுவதுகூடத் தெரியாமல் இதற்காக மல்லுக்கட்டக் காரணம் எங்கள் மகள். அவளுக்கு இரண்டு இடங்களில் படிக்க அழைப்பு வந்திருந்தது. ஒன்று நியூ ஜெர்சியில். பள்ளி முடித்த கையோடு சேர்ந்தால் டாக்டராகித்தான் வெளியே வரலாம். எங்களைப் போன்றவர்கள் கோயிலில் அர்ச்சனை செய்து கேட்கும் இடம் அது. இன்னொன்று மேற்கு டெக்சாஸில். ட்ரெய்னர் ஆவதற்கான படிப்பு. ட்ரெய்னர் என்றால் தண்டால் எடுக்கச் சொல்லித்தருகிறவர் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஆட்டக்களத்தின் ஓரத்தில் நின்று, ஆடுகிறவர்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டு, விழுந்தவனிடம் முதலில் ஓடி, அவன் எழுந்து ஆடலாமா கூடாதா என்று முதல் வார்த்தை சொல்கிறவர். என் மகளுக்கு ஒரு தொழில்முறை அணியில் அந்த வேலை பார்க்க வேண்டும். அதனால் அந்த ஆட்டத்தின் ஆயுள் எங்கள் வீட்டுக் கவலையாகிவிட்டது. மே முதல் தேதிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

எனக்கு அந்த ஆட்டத்தை அறிமுகப்படுத்தியவள் அவளேதான். அப்போது நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் ஓர் அடுக்ககத்தில் இருந்தோம். அவளுக்கு ஏழு வயது. திங்கட்கிழமை காலையில் வகுப்பில் எல்லாரும் பேசும் விஷயம் தனக்கு மட்டும் தெரியவில்லை என்று அழுதுகொண்டே வந்தாள். அடுத்த ஞாயிறு மத்தியானம் ஒரு மணிக்கு டிவியைப் போட்டுக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். குக்கர் ஒரு பக்கம் விசில் அடித்தது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள், பெயர் மட்டும் ஃபுட்பால். பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்பு. அதற்குள் முடியாவிட்டால் பந்தை எதிரியிடம் கொடுத்துவிட வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது. அவளுக்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது.

புரிந்த பிறகு நான் அதை மதிக்கத் தொடங்கினேன். வெளியிலிருந்து பார்த்தால் மாடு முட்டுவது போலத்தான் இருக்கும். உள்ளே அப்படி ஒரு ஒழுங்கு. ஒவ்வொரு முறையும் பந்து ஆறேழு நொடிதான் உயிரோடு இருக்கிறது. அந்த ஆறேழு நொடியில் பதினொரு பேரும் எங்கே இருக்க வேண்டும், யாரை மறிக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானமானது. ஒருவன் அரை அடி தவறினால் பத்துப் பேரின் வேலை வீண். பந்தைத் தொடவே தொடாமல், கூட்டம் பெயரைக்கூடச் சொல்லாமல், எதிரே இருப்பவனை மறிப்பதற்காகவே இருபது வருடம் உடம்பை வளர்த்தவர்கள் அந்த வரிசையில் நிற்கிறார்கள். ஞாயிறு ஆடுவார்கள். திங்கள் வலி பார்ப்பார்கள். மற்ற நாட்கள் அடுத்த ஞாயிறுக்குத் தயாராவார்கள். அந்த ஒரு வார இடைவெளியும் ஆட்டத்தில் சேர்த்திதான் என்று எனக்குத் தோன்றியது.

ஃபிரிஸ்கோவுக்கு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை பெரிதாகிவிட்டது. இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் கோயம்புத்தூர்க்காரர் வீட்டில்தான் எல்லாரும் கூடுவோம். மகள் அவரை அங்கிள் என்பாள். அவருக்குச் சில சட்டங்கள் உண்டு. நம் அணி நன்றாக ஆடும்போது யாரும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழக் கூடாது. நான் அடுப்படிக்குப் போன சமயத்தில் இரண்டு முறை நம் அணி புள்ளி எடுத்துவிட்டது. அன்றிலிருந்து முக்கியமான நேரங்களில் என்னை அடுப்படிக்கு அனுப்பிவிடுவார். "ஏனுங்க, கொஞ்சம் உள்ள போய் நில்லுங்க, ஒரே ஒரு டச்டவுன்!" நானும் போய்ப் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை.

தோற்றால் அவரிடம் காரணமும் தயாராக இருக்கும்.

"ஞாயித்துக்கிழமை நாலரைல இருந்து ஆறு ராகுகாலம்ங்க. நம்ம பசங்க செகண்ட் ஹாஃப் பூரா அதுலயே ஆடறாங்க. அப்புறம் எப்படிங்க ஜெயிக்கறது?"

"அங்கிள், அதர் டீமுக்கும் சேம் ராகுகாலம்தானே?" என்றாள் மகள்.

"அவனுங்களுக்கு அது தெரியாதில்ல கண்ணு. தெரிஞ்சவனத்தான் அது புடிக்கும்."

பிறகு அந்த ஞாயிறு மெல்ல மெல்லக் கலையத் தொடங்கியது. திங்கள் ஆட்டம் முன்பே உண்டு. வியாழன் சேர்ந்தது. டிசம்பரில் சனிக்கிழமை. கிறிஸ்துமஸ் அன்று. ஐரோப்பாவில் ஆடும் நாளில் எங்களுக்கு இட்லி நேரத்திலேயே ஆட்டம் தொடங்கிவிடும். ஒரு வருடத்துக்கான ஆட்டங்களில் ஒன்றைக் கூட்டினார்கள், இன்னொன்று கூட்டுவதாகப் பேச்சு. ஒன்று சாதாரண டிவியில் வரும், ஒன்று இந்த ஆப்பில், ஒன்று அந்த ஆப்பில். ஒரு வியாழக்கிழமை எங்கள் கணவர்மார் நான்கு பேர் ஒரு ரிமோட்டைச் சுற்றி நின்று பாஸ்வேர்டு தேடியதில் முதல் பாதி முடிந்துவிட்டது. கோயம்புத்தூர்க்காரர் கையை உதறினார். "இப்ப எந்த நாள்ல எந்த ஆப்ல வருதுன்னு ராகுவுக்கே தெரியாதுங்க." அதற்குப் பிறகு அவர் வீட்டில் கூடுவது மாதத்துக்கு ஒருமுறை என்றானது.

எனக்கு அது வேறு மாதிரி உறுத்தியது. என் வேலை அப்படி. மருந்து சாப்பிட்டவர்களுக்கு வந்த கோளாறுகளைப் பற்றி டாக்டர்கள் எழுதி அனுப்பும் அறிக்கைகளைப் படித்து, எது தற்செயல், எது மருந்தின் வேலை என்று பிரிப்பது. முன்பு நியூ ஜெர்சியில், பார்சிப்பனியில் நான் இருந்த அலுவலகம் மூன்று மருந்துகளோடு தொடங்கியது. அடுத்தடுத்து வாங்கி, இணைத்து, பதினொன்றாக்கினார்கள். கேக் வெட்டினார்கள். அறிக்கை படிக்கிற நாங்கள் மட்டும் அதே ஆறு பேர். ஒரு நாள் நான் ஓர் அறிக்கையில் தேதியைத் தவறாகப் படித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரி பார்த்துச் சொன்னதால் தப்பியது. அன்றைக்குக் கற்றதுதான்: எதையும் பெரிதாக்கும்போது முதலில் விரிசல் விடுவது வாசலில் இல்லை, உள்ளே, வேலை செய்கிறவனிடத்தில். இந்த ஆட்டத்துக்கும் நாட்கள் கூடலாம், நாடுகள் கூடலாம், கேமராக்கள் கூடலாம். ஆடுகிறவனுக்கு முழங்கால் இரண்டுதான். ஞாயிறு அடிபட்டவன் வியாழன் மறுபடி ஆட வேண்டும் என்றால் நடுவில் இருக்கும் நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மகள் பத்தாம் வகுப்பில் பள்ளி ஃபுட்பால் அணியின் ட்ரெய்னரிடம் உதவியாளராகச் சேர்ந்தாள். டெக்சாஸ் பள்ளிகளில் இது வழக்கம். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், பெரும்பாலும் பெண்கள், தண்ணீர் கொடுப்பார்கள், டேப் சுற்றுவார்கள், ஐஸ் சுமப்பார்கள். கல்லூரி விண்ணப்பத்தில் எழுத உதவும் என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன். அவள் அதிலேயே கரைந்துபோவாள் என்று எனக்குத் தெரியாது. சாப்பிடும்போது என் மணிக்கட்டை இழுத்துவைத்து டேப் சுற்றிப் பழகுவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் சொல்வாள், கை மட்டும் நிற்காது.

நானும் பெற்றோர் சங்கத்தில் சேர்ந்து ஆட்டக்களத்தில் தண்ணீர் மேசையில் நின்றேன். ஒரு தடவை வரிசையில் நின்று மறிக்கும் ஒரு பெரிய பையன், எழுபத்துநான்காம் எண் சட்டைக்காரன், நான் எனக்காக எடுத்துப்போன நீர்மோரைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டான். இஞ்சி, பச்சைமிளகாய், பெருங்காயம் எல்லாம் போட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு கிளாஸ் கேட்டான். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் அவன் கேட்பது ஒன்றுதான்: "மேம், ஸ்பைஸி மில்க் இருக்கா?" அதைக் கேட்பதற்காகவே ஒவ்வொரு தடவையும் கூஜா நிறையக் கொண்டுபோனேன்.

போன வருடம் ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. மகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போயிருந்தாள். வேறொரு ஊரில், வேறொரு பள்ளியோடு ஒரு பயிற்சி ஆட்டம். காலை எட்டு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். பள்ளி ஆட்டங்களையும் வாங்கிக் காட்டத் தொடங்கியிருந்த ஓர் இணைய ஒளிபரப்பு நிறுவனம் அதை மத்தியானம் மூன்று மணிக்குத் தள்ளியது. காலையில் அவர்களுக்குத் தொழில்முறை அணி ஒன்றின் பயிற்சியைக் காட்ட வேண்டியிருந்ததாம். டெக்சாஸ் ஆகஸ்டில் மூன்று மணி என்றால் கார்க் கதவைத் தொட முடியாது. எங்கள் தலைமை ட்ரெய்னர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. சத்தம் போட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. ஆட்ட நேரத்தைப் பாதியாகக் குறைக்க வைத்தார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாரும் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும் என்றார். பிறகு களத்தின் ஓரத்தில், கூடாரத்துக்கு அடியில், ஒரு தொட்டியைக் கொண்டுவந்து போட்டுத் தண்ணீரும் ஐஸும் நிரப்பச் சொன்னார். அது மாடு தண்ணீர் குடிக்கிற தொட்டி. பண்ணைச் சாமான் கடையில் வாங்கியது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. குளிர்பானம் வைக்க என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது இடைவேளையில் எழுபத்துநான்கு என் மகளிடம் வந்து தண்ணீர்ப் புட்டியை வாங்கினான். தலையில் ஊற்றிக்கொள்வதற்குப் பதிலாக நிதானமாகத் தன் ஷூவின் மேல் ஊற்றினான். பத்தடி தள்ளி நின்ற நான் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, இன்று என்ன கிழமை என்று கேட்டாள். அவன் என்னைப் பார்த்து "மேம்" என்றான். முழங்கால் மடிந்தது. அப்படியே உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்தான்.

மகள் கையைத் தூக்கிய தூக்கில் தலைமை ட்ரெய்னர் களத்தின் மறுபக்கத்திலிருந்து ஓடிவந்தார். அந்த வயதில் ஒருவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. சட்டையைக் கத்தரித்தார்கள். ஆறு பேர் அவனைத் தூக்கித் தொட்டியை நோக்கிக் கொண்டுபோனார்கள். மகள் ஐஸ் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நானும் ஓடினேன். அவன் தோளில் என் கை பட்டது. தோசைக்கல் மாதிரிச் சுட்டது. அந்த உடம்பை ஐஸில் முக்கப் போகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நான் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏய் வேணான்டி! ஜன்னி வந்துடும்! ஈரத் துணியப் போட்டு ஒத்தி எடு, போதும்!"

காய்ச்சல்காரன் மேல் பச்சைத் தண்ணீர் பட்டால் ஜன்னி வரும். வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், எல்லார் வீட்டிலும் இதுதான் பேச்சு. இருபது வருடமாக மருத்துவ அறிக்கை படிக்கிறேன். வெப்பத் தாக்கு என்ற சொல்லை எத்தனையோ தடவை திரையில் கண்டிருக்கிறேன். அந்த நிமிடம் அதெல்லாம் எங்கே போயிற்றோ. என் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டிருந்தன.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அம்மா, தள்ளு."

கொதிக்கிற குக்கரை இறக்கும்போது குறுக்கே வருகிறவர்களிடம் நான் சொல்கிற அதே சொல், அதே குரல். கோபம் இல்லை. பத்து வருடமாக என்னிடம் ஆங்கிலத்தில் மட்டுமே பதில் சொல்லிக்கொண்டிருந்தவள். நான் கையை விட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒவ்வொரு அசைவாகச் சொல்ல முடியும். கழுத்து வரை தண்ணீரில் இறக்கினார்கள். தலை மூழ்காமல் இருக்க அக்குளுக்குள் துண்டைக் கொடுத்து இரண்டு பேர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்கள். தலையில் ஐஸ் தண்ணீரில் முக்கிய துண்டு, ஒன்று சூடானதும் அடுத்தது. மகள் இரண்டு கையையும் தோள் வரை விட்டுத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். கலக்காவிட்டால் உடம்பை ஒட்டிய தண்ணீர் சூடாகி அவனைச் சுற்றிப் போர்வைபோல் நின்றுவிடுமாம், பிறகு சொன்னாள். தலைமை ட்ரெய்னர் அவன் உடம்புச் சூட்டின் எண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்தவர்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்து, கொடுங்கள், போகலாம் என்றார்கள். அந்தப் பெண்மணி எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையை மட்டும் நீட்டினார்.

"நாட் யெட்."

முதலில் சூட்டை இறக்கு, பிறகு வண்டியில் ஏற்று. அது அவர்களின் விதி. ஸ்ட்ரெச்சர் நின்றது. எத்தனை நிமிடம் என்று தெரியாது. மகளின் உதடு நீலமாகியிருந்தது. எண் இறங்கிக்கொண்டே வந்தது. திடீரென்று தொட்டியிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது. பிறகு, "குளிருது" என்று. தலைமை ட்ரெய்னர், "வெல்கம் பேக், சன்," என்று சொல்லிவிட்டு அப்போதுதான் கையை இறக்கினார்.

அவன் பிழைத்துக்கொண்டான். இரண்டு நாளில் வீட்டுக்கு வந்தான். எனக்குத்தான் இன்னும் சரியாகவில்லை. மூன்று நொடியா, நான்கு நொடியா, நான் அவள் கையைப் பிடித்திருந்தது? படுத்தால் எண்ணுகிறேன். அவள் எனக்கு அடங்கின பிள்ளையாக இருந்திருந்தால்? அம்மா சொல்கிறாளே என்று ஒரு கணம் தயங்கியிருந்தால்?

என் கணவர் அன்று வீட்டில் அந்த ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மகளின் கையைப் பிடித்து இழுப்பது வரைக்கும் தெரிந்ததாம். அடுத்த கணம் பிக்கப் டிரக் விளம்பரம். மலைமேல் வண்டி ஏறுகிறது, பாட்டுப் பாடுகிறது. விளம்பரம் முடிந்து, வேறொரு விளம்பரம் முடிந்து, மறுபடி வந்தபோது நேராக ஆட்டத்தைக் காட்டினார்களாம். அதற்குள் அவர் பதினான்கு தடவை போன் செய்திருந்தார். என் போன் மோர்க் கூஜாவுக்குப் பக்கத்தில் கிடந்தது.

அந்தப் பையனின் அம்மா ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தார். பீக்கன் பருப்பு வைத்துச் சுட்ட 'பை' என்ற இனிப்புப் பலகாரம் ஒன்றைக் கொண்டுவந்தார். மகளைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அவர் கிளம்பும்போது நான் வாசலில் நிறுத்தி உண்மையைச் சொன்னேன். ஐஸ் வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்தது நான்தான் என்றேன். "அவனை அப்படிப் போடுவதை நான் பார்த்திருந்தால் நானும் பிடித்திருப்பேன்," என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை.

ஏப்ரல் கடைசிக்கு வருகிறேன். தொழில்முறை அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாட்கள் அவை. ஆட்டமே இல்லாத மாதத்தில், ஆள் எடுப்பதையும் மூன்று நாள் திருவிழாவாக டிவியில் காட்டுகிறார்கள். கோயம்புத்தூர்க்காரர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என் கணவர் பேச்சை ஆரம்பித்தார்.

"இவ சொல்றா, இந்த ஆட்டம் ரொம்ப நாள் தாங்காதாம்."

"நான் அப்படிச் சொல்லல. இப்படியே கூட்டிக்கிட்டே போனா தாங்காதுன்னேன்."

"கிரிக்கெட்டையும்தான் எல்லாரும் செத்துடும் செத்துடும்னாங்க. செத்துச்சா?"

"சாகல. நீங்க கடைசியா ஒரு டெஸ்ட் மேட்ச் அஞ்சு நாளும் எப்ப பாத்தீங்க?"

"எனக்கு வேலை இருக்கும்மா."

"அதாங்க, அவங்க சொல்றதும் வாஸ்தவம்தான்," என்றார் கோயம்புத்தூர்க்காரர். "தெனமும் விருந்து வெச்சா பந்தில யாருங்க உக்காருவா? நானே ரெண்டு ஆப்ப நிறுத்திப்போட்டேன்."

"அப்புறம் ஏன் அங்கிள் இங்க வந்து பாக்கறீங்க?" என்றாள் மகள்.

"உங்கப்பா இன்னும் நிறுத்தலியே கண்ணு!"

எல்லாரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பில் மனம் ஒட்டவில்லை. பார்க்கிறவர்கள் சலித்து இந்த ஆட்டம் சாகும் என்று நான் நினைக்கவில்லை. சலித்துக்கொள்வார்கள், திட்டுவார்கள், அடுத்தவர் வீட்டிலாவது பார்ப்பார்கள். என் பயம் தொட்டியின் பக்கத்திலிருந்து வந்தது. மகளைச் சமையலறைக்குக் கூப்பிட்டேன்.

"எட்டு மணி ஆட்டத்த மூணு மணிக்குத் தள்ளினாங்க. உங்க ட்ரெய்னர் கத்தினாங்க. யாராவது கேட்டாங்களா? பள்ளிக்கூடத்துலயே இப்படி. பெரிய லீக்ல உன் பேச்ச யாருடி கேப்பா? நாளைக்கு அந்த ஆட்டமே உடைஞ்சுபோச்சுன்னா நீ எங்க நிப்ப?"

நான் சொல்வது தவறு என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தலையாட்டினாள். ஆட்டங்கள் அதிகம், ஓய்வு குறைவு, விமானப் பயணம் அதிகம், எல்லாம் அவளுக்கும் தெரிந்திருந்தது. என்னைவிடத் துல்லியமாகச் சொன்னாள். ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றாள். சொல் தேடுவது தெரிந்தது.

"அவங்க கூட்டிக்கிட்டேதான் போவாங்கம்மா. ஐ நோ. பட் எங்க ட்ரெய்னர் 'நாட் யெட்'னதும் ஆம்புலன்ஸ் நின்னுச்சுல்ல?"

"அது அந்த அம்மா அனுபவசாலி."

"அவங்களுக்கும் ஒரு டைம்ல அனுபவம் இல்லதானே."

நான் பாத்திரத்தைக் கழுவினேன். டாக்டரானால் அவள் பத்திரம் என்று நான் நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் அவளுடைய பத்திரம் இல்லை அது, என்னுடையது. ஏசி அறையில், மேசைக்குப் பின்னால், வெள்ளைக் கோட்டில் அவள் இருந்தால் எனக்குத் தூக்கம் வரும். ஆனால் நான் அவளை முழுசாகப் பார்த்தது அந்தக் கூடாரத்துக்கு அடியில்தான். ஷூவின் மேல் விழுந்த தண்ணீரைப் பார்த்து நான் சிரித்தேன். அவளுக்கு அதில் ஆபத்து தெரிந்தது. அந்தக் கண்ணை வேறு எந்த வேலைக்கு அனுப்பச் சொல்ல?

மறுநாள் மத்தியானம் அவள் லேப்டாப்பைத் திறந்து மேற்கு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில், சேரச் சம்மதம் என்ற பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவள் பின்னால் போய் நின்றேன்.

"அழுத்து," என்றேன்.

"ஷ்யூராம்மா?"

"இல்ல. அழுத்து."

ஆகஸ்டில் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். ஆறு மணி நேரக் கார்ப் பயணம். திரும்பும் வழியில் என் கணவர் ரேடியோவைக்கூடப் போடவில்லை. அடுத்த வாரம் பள்ளிக்கு எழுதினேன்: என் மகள் படித்து முடித்துவிட்டாள், ஆனாலும் இந்த வருடமும் உதவிக்கு வரலாமா என்று. தலைமை ட்ரெய்னர் ஒரே வரியில் பதில் எழுதினார். தண்ணீர் மேசைக்கு ஆள் இருக்கிறது, ஐஸுக்குத்தான் ஆள் வேண்டும்.

பயிற்சி ஆட்டத்துக்கு முதல் நாள் செய்தி வந்தது. ஒளிபரப்புக்காக நேரம் மாறியிருக்கிறது, மறுபடியும் மத்தியானம். பெற்றோர் குழுவில் கோபமாக எழுதினோம். நானும் எழுதினேன், நீளமாக, என் வேலையில் எழுதுவது போல எண் போட்டு. இந்த முறை கொஞ்சம் கேட்டார்கள்: ஒரு மணி நேரம் மட்டும் தள்ளி, மூன்று மணியை நான்காக்கினார்கள். வெயில் அதனால் பெரிதாகக் குறைந்துவிடாது. இருந்தாலும் ஒரு மணி நேரம்.

எனக்குப் பக்கத்தில் உதவிக்கு ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி நின்றாள். மூட்டை மூட்டையாக ஐஸைத் தொட்டியில் கொட்டினோம். என் விரல்கள் மரத்துப்போயின. களத்தில் ஆட்டம் தொடங்கியது. பதினொரு பேர் குனிந்து நின்று, ஒரே கணத்தில் எழுந்து மோதினார்கள். ஓட வேண்டியவனுக்கு நடுவில் ஒரு வழி திறந்தது, அத்தனை பேரும் சொல்லிவைத்தபடி. பத்து வருடம் பார்த்த பிறகும் எனக்கு அது அழகாகத்தான் இருக்கிறது. வரிசையில் மறிக்கிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவன் தடுமாறுகிறான், எவன் தண்ணீரை எங்கே ஊற்றுகிறான் என்று.

போன் அடித்தது. மகள். அவளுக்கும் அங்கே அன்று களத்தில் வேலை. பின்னால் விசில் சத்தம் கேட்டது.

"அம்மா, தொட்டி ரெடியா?"

"ரெடி."

"டெம்பரேச்சர் பாத்தியா?"

வெப்பமானியைத் தண்ணீரில் விட்டு எடுத்து எண்ணைச் சொன்னேன்.

"இன்னும் ஐஸ் போடு. போட்டுட்டுக் கலக்கு. சும்மா விட்டுடாத."

"சரிடி," என்றேன். போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு கையை முழங்கை வரை உள்ளே விட்டேன்.